தவளை அச்சும் அரை வெங்காயமும்

சிலருக்குக் குடிப்பழக்கம் இருக்கும், சிலருக்குச் சீட்டாட்டம். எனக்கு ஸ்டார் போடுகிற பழக்கம் இருந்தது. போகிற இடம், வாங்குகிற பொருள், தின்கிற பண்டம் எதுவானாலும், போனை எடுத்து இத்தனை ஸ்டார் என்று தட்டி, கீழே நாலு வரி அபிப்பிராயமும் எழுதிவைக்காவிட்டால் அன்றைக்குச் சோறு செரிக்காது. இந்தப் பழக்கத்தால் ஒரு மனிதர் பெண்டாட்டியை விட்டுவிட்டு மறுபடியும் துபாய்க்கு விமானம் ஏற இருந்தார். அவர் ஏறாமல் தப்பியதற்கு அரை வெங்காயம்தான் காரணம். என் மானம் போனதற்கும் அதே வெங்காயம்தான் காரணம்.

அப்போது நான் பெரம்பலூரில் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தேன் (இப்போதும் அதே நாற்காலிதான்). குடியிருப்பு வேப்பந்தட்டையில். 'வித் ரெஃபரன்ஸ் டு' என்று ஆரம்பித்துக் கடிதம் தட்டச்சு செய்வதுதான் வேலை என்பதால், ஆங்கிலம் எனக்கு வீட்டு நாய்க்குட்டி மாதிரி, கூப்பிட்டால் வரும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஸ்டார் போடுவதிலும் நான் கறார் பேர்வழி. ரஞ்சன்குடிக் கோட்டைக்கு மூன்று கொடுத்தேன், ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று. (மூச்சு வாங்கியது என் தொப்பையால். அதை எழுதவில்லை.) எங்கள் தெருமுனை டீக்கடைக்கு இரண்டு, மாஸ்டர் முகத்தில் சிரிப்பே இல்லை என்று. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலுக்கு ஐந்துதான் கொடுத்திருப்பேன். ஆனால் நான் போன அன்றைக்கு வெயில் கொளுத்தியது, கல்தரையில் கால் வைக்க முடியவில்லை. அதனால் வெயிலுக்காக ஒன்றைக் கழித்துக்கொண்டு நான்கு போட்டேன். கங்கை வரைக்கும் படை அனுப்பி ஜெயித்த சோழ மகாராஜாவுக்கு வேப்பந்தட்டை கிளார்க்கு போட்ட மார்க்கு நாலு. என்ன திமிர் பாருங்கள்!

இப்படிப்பட்ட என் கையில் ஒரு தூண்டிலும் வந்து சேர்ந்தது. எங்கள் ஊர்ப்பக்கத்து ஏரிகளில் விரால் மீன் உண்டு. விராலுக்குத் தவளை என்றால் உயிர். அதனால் ரப்பரில் செய்த பொய்த் தவளையைத் தூண்டிலில் கட்டி வீசி, தண்ணீர் மேலே துள்ளவிட்டு இழுப்பார்கள். நானும் இழுத்தேன். விரால் வரவில்லை. தவளைதான் தாமரைக்கொடியிலும் கருவேல முள்ளிலும் மாட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தது. மாதத்துக்கு ஏழெட்டுத் தவளைகள் இப்படி ஏரிக்குக் காணிக்கை. என் மனைவி மலர் ஒருநாள், "ஏங்க, நீங்க மீன் புடிக்கப் போறீங்களா, தவளை வளக்கப் போறீங்களா?" என்று கேட்டாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இனிமே தவளையை நானே செஞ்சிக்கிறேன்" என்றேன்.

அதற்கென்று அச்சு விற்கிறார்கள். விரல் கனத்தில் இரண்டு அலுமினியத் தகடுகள். ஒவ்வொன்றிலும் தவளையின் பாதி உருவம் குடைந்திருக்கும். இரண்டையும் சேர்த்து முடுக்கி, மேலே உள்ள துளை வழியாகப் பிளாஸ்டிக் கரைசலைச் சூடாக ஊற்றி ஆறவிட்டால், பிரித்ததும் உள்ளே தவளை உட்கார்ந்திருக்கும். போனில் தேடி, நன்றாக இருந்த ஒன்றை வாங்கினேன். விற்பவர் பெயர் வாயில் நுழையாத இங்கிலீஷில் இருந்தது, பக்கத்தில் வாயைப் பிளந்த மீன் படம் வேறு. யாரோ பம்பாய்ச் சேட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

அச்சு வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், அருமையான வேலைப்பாடு. தவளையின் விரலிடுக்குகூடத் தெரிந்தது. கூடவே ஆங்கிலத்தில் அரைப்பக்கக் குறிப்பு ஒன்று இருந்தது. முதலில் லேசாக எண்ணெய் தடவவும், லேசாகச் சூடு காட்டவும், முதல் நாலைந்து தவளைகள் சுமாராக வரலாம், அப்புறம் சரியாகிவிடும் என்று போட்டிருந்தார்கள்.

படித்ததும் என் முகத்தில் ஒரு புன்னகை வந்தது. எண்ணெய், சூடு, முதல் நாலைந்து சுமாராக வரும். அட, இது நமக்குத் தெரிந்த சமாசாரமாயிற்றே!

இங்கே என்னுடைய இன்னொரு பெருமையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தோசை என் இலாகா. புதுத் தோசைக்கல்லைப் பழக்குவதில் சொந்தபந்தத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. புதுக் கல்லில் அப்படியே மாவை ஊற்றினால் ஒட்டிக்கொண்டு வராது. அதை ஊறவைத்து, எண்ணெய் காட்டி, வெங்காயம் தேய்த்து வழிக்குக் கொண்டுவர வேண்டும். யார் வீட்டில் புதுக் கல் வாங்கினாலும் முதலில் என்னிடம்தான் வரும். மூன்று நாள் வைத்திருந்து, வெண்ணெய் மாதிரி வழுக்கும்படி திருப்பிக் கொடுப்பேன். பம்பாய்ச் சேட்டு பாவம், பழக்குவது என்கிற வார்த்தை தெரியாமல் ஆங்கிலத்தில் அரைப்பக்கம் எழுதித் தடவிக்கொண்டிருக்கிறான் என்று அவன்மேல் இரக்கமே வந்தது.

"அது அலுமினியம்ங்க" என்றாள் மலர்.

"அதனால என்ன? புதுச் சாமான்னா பழக்கித்தான் ஆவணும்."

"லேசான்னு போட்டுருக்குன்னு நீங்கதானே படிச்சீங்க?"

"அவங்க ஊர்ல லேசாதான் பழக்குவாங்க. அதனாலதான் அவங்க ஊர்ல தோசை நல்லா வர்றதில்ல."

முதல் நாள், அரிசி கழுவிய தண்ணீரில் இரண்டு தகடுகளையும் ஊறப்போட்டேன். இரண்டாம் நாள், நல்லெண்ணெய் தடவி மொட்டைமாடி வெயிலில் காயவைத்தேன். மூன்றாம் நாள் ஆளுக்கொரு அடுப்பாக இரண்டையும் ஏற்றி, மேலும் எண்ணெய் விட்டு, அரை வெங்காயத்தைக் கரண்டிக் காம்பில் குத்தித் தேய் தேய் என்று தேய்த்தேன். தவளையின் விரலிடுக்கெல்லாம் வெங்காயச் சாறு இறங்கியது. இரண்டு மணி நேரம் கழித்து, நல்ல கொதிப்பில் இருந்த தகட்டின்மேல் தண்ணீர் தெளித்தேன். 'சொய்ங்' என்றது. அந்தச் சத்தம் கேட்டால்தான் கல் பழகிவிட்டது என்று அர்த்தம். கூடவே 'டிங்' என்று இன்னொரு சத்தமும் கேட்டது. அதை நான் கண்டுகொள்ளவில்லை.

அன்று சாயங்காலமே கொல்லையில் வைத்துப் பிளாஸ்டிக் கரைசலைக் காய்ச்சி அச்சில் ஊற்றினேன். ஊற்றும்போதே நாலாப் பக்கமும் ஒழுகியது. உள்ளே குபுகுபு என்று குமிழி வேறு. ஆறியதும் திருகுகளைக் கழற்றிப் பிரித்துப் பார்த்தேன். தவளை இருந்தது. ஆனால் அதன் இடுப்பைச் சுற்றி, கழுத்தைச் சுற்றி, காலைச் சுற்றி, அகலமாக மெல்லிய பிளாஸ்டிக் விளிம்பு ஒன்று தொங்கியது. உடம்பெல்லாம் கொப்புளம். பார்த்தால் அம்மை போட்ட தவளை ஒன்று பாவாடை கட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. லேசாக ஊத்தப்ப வாசனையும் வந்தது. (அதை மட்டும் நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.)

மறுபடி ஊற்றினேன். மறுபடி பாவாடை. ஆறு தடவை ஊற்றி, ஆறு பாவாடைகள். விளிம்பைக் கத்திரிக்கோலால் வெட்டப் போய், ஒன்றுக்குக் காலும் போயிற்று. இருந்தாலும் செய்த தவளையை விட மனசு வராமல், மறுநாள் காலையில் ஒன்றை ஏரிக்கு எடுத்துப்போனேன். கரையில் ஏற்கெனவே நாலு பேர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் என் தவளையைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, ரொம்ப அக்கறையாக, "ஏன் மாப்ள, தவளை வயசுக்கு வந்துருச்சா? எங்களுக்கெல்லாம் பத்திரிகையே வைக்கல?" என்றார்.

நாலு பேரும் சிரித்த சிரிப்பில் இருக்கிற விராலெல்லாம் அடிமண்ணுக்குள் போய்விட்டது. நான் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் அந்தச் சேட்டுமேல் ஆத்திரம் பொங்கியது.

பெட்டியில் ஒரு வாட்ஸ்அப் எண் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் என் அலுவலக ஆங்கிலத்தை அவிழ்த்துவிட்டேன்.

"டியர் சார், வித் ரெஃபரன்ஸ் டு யுவர் மோல்ட், குவாலிட்டி இஸ் வெரி பேட். ஃப்ராக் இஸ் வியரிங் ஸ்கர்ட்."

ஐந்தே நிமிடத்தில் பதில் வந்தது. "டியர் சார், வெரி ஸாரி சார். வாட் ஸ்கர்ட் சார்?"

"ஆல் சைட் ஸ்கர்ட். ஆல்ஸோ சிக்கன் பாக்ஸ்."

இதற்குப் பதில் வர அரை மணி நேரம் ஆனது. "சார், டிட் யூ டூ எனிதிங் டு மோல்ட் சார்?"

இந்தக் கேள்வியை இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன். அச்சை நீங்கள் ஏதாவது செய்தீர்களா? எவ்வளவு நேரான கேள்வி. நான் கொஞ்சமும் கூசாமல் எழுதினேன்: "நத்திங். ஐ ஆம் டூயிங் ஒன்லி நார்மல் திங்ஸ்." சத்தியமாக நான் பொய் சொல்லவில்லை. புதுச் சாமானைப் பழக்குவது ஒரு செயல் என்றே எனக்குத் தோன்றவில்லை. குளித்துவிட்டுத் தலை துவட்டினாயா என்று யாராவது கேட்பார்களா?

சேட்டு பொறுமையாகத்தான் இருந்தார். ஒவ்வொரு அச்சையும் பத்துத் தடவை பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறோம் சார், பரவாயில்லை, பழையதைத் திருப்பி அனுப்புங்கள், புதுசு தருகிறோம் என்று எழுதினார். நியாயமாக அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் எனக்குப் புது அச்சு வேண்டாம், தப்பு செய்தோம் என்று அவர்கள் வாயால் ஒத்துக்கொள்ள வேண்டும். "ஐ ஆம் நாட் பெக்கர்" என்று பதில் போட்டுவிட்டு, விற்பனைப் பக்கத்துக்குப் போய் ஒரு ஸ்டாரைத் தட்டினேன். கீழே ஆங்கிலத்தில் அரைப்பக்கம். கடைசி வரி எனக்கு மனப்பாடம்: மனிதனையும் ஏமாற்றி மீனையும் ஏமாற்றும் கம்பெனி இது. எழுதி முடித்து மலரிடம் படித்துக் காட்டினேன்.

"மீனை ஏமாத்தத்தானேங்க அதை வாங்குனீங்க?" என்றாள்.

அவளுக்கு இலக்கிய நயம் தெரியாது என்று விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை பத்தரை மணி இருக்கும். நான் லுங்கியும் பனியனுமாகத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் டீக்கடை மாஸ்டரின் குரல் கேட்டது. "இதாங்க வூடு. ஸ்டார் போடுற சாரு வூடு. நல்லாக் கேளுங்கம்மா, வுட்டுராதீங்க." எட்டிப் பார்த்தேன். மாஸ்டர் முகம் முழுக்கச் சிரிப்பு. அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பின்னால் ஒரு புருஷன் பெண்டாட்டி நின்றார்கள். இரண்டு பேருக்கும் முப்பத்தைந்துக்குள் வயது இருக்கும். அந்த அம்மா கையில் ஒரு மஞ்சள் பை. அவர் தோளில் கனமான ரெக்சின் பை. கல்லூரி அட்மிஷன் விஷயமாகச் சிபாரிசுக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, கொஞ்சம் விறைப்பாக, "ஆபீஸ் டயத்துல வாங்க" என்றேன்.

"இல்ல சார்" என்றார் அந்த அம்மா. சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நிமிடம் தயங்கினார். "டியர் சார்... நாந்தாங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"தவளை அச்சு நாங்கதாங்க. எம்பேரு கலைச்செல்வி. இவரு எங்க வூட்டுக்காரரு, பாஸ்கரன். இவருதான் அச்சு கடையறது. நான் போன் பாத்துக்குறேன்."

"நீங்க தமிழா?" என்றேன். (உலகத்திலேயே முட்டாள்தனமான கேள்வி, அதுவும் தமிழில் பேசிக்கொண்டிருக்கிறவரிடம்.)

"கங்கைகொண்ட சோழபுரம் பக்கங்க. மூணு பஸ் மாறி வர்றோம்."

"அப்பறம் ஏன் இங்கிலீஷ்ல எழுதுனீங்க?"

"நீங்கதானே சார் 'டியர் சார்'னு ஆரம்பிச்சீங்க? அட்ரஸ் பாத்தா வேப்பந்தட்டை, எழுத்தப் பாத்தா பெரிய ஆபீசராட்டம் இருக்கு. தமிழ்ல எழுதுனா மரியாதக் கொறைவா நெனச்சுக்குவீங்களோன்னு, பக்கத்து வூட்டு டீச்சரக் கேட்டுக் கேட்டு எழுதுனேன். நீங்க பாவாடைன்னு எழுதுனதுக்கு அந்த டீச்சருக்கே அர்த்தம் தெரியல சார்."

ஒரே பேச்சுப் பேசுகிற இரண்டு பேர், பக்கத்துப் பக்கத்து மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, வராத ஆங்கிலத்தில் தவளைக்குப் பாவாடை தைத்திருக்கிறோம். மலர் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"டீக்கடையில சொன்னாங்க, நீங்க எல்லாத்துக்கும் ஸ்டார் போடுவீங்களாம்" என்றார் கலைச்செல்வி. "எங்க ஊருக் கோயிலுக்கே நாலுதான் குடுத்துருக்கீங்களாம். மகாராஜாவுக்கே நாலுன்னா, எங்களுக்கு ஒண்ணு குடுத்ததுல தப்பு சொல்ல முடியாது. நாங்க சண்டை போட வரல சார்."

அதற்குப் பிறகு அவர் சொன்னதைக் கேட்டபோது எனக்குத் தோசைக் கரண்டி கையில் கனத்தது. பாஸ்கரன் எட்டு வருஷம் துபாயில் அலுமினியப் பட்டறையில் வேலை பார்த்தவர். இனிமேல் ஊரோடு இருக்கட்டும் என்று கலைச்செல்விதான் அவரைப் பிடிவாதமாக வரவழைத்து, வீட்டுக்குப் பக்கத்திலேயே பட்டறை போட வைத்திருக்கிறார். தவளை அச்சு விற்க ஆரம்பித்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு அபிப்பிராயம்தான் இருந்தது. அது என்னுடையது.

"அதுக்கப்பறம் ஒரு ஆர்டர் வரல சார். இவரு பாஸ்போர்ட்ட எடுத்துக்கிட்டுப் போயி ஏஜெண்டுகிட்ட குடுத்துட்டு வந்துட்டாரு. இன்னும் ரெண்டு வாரத்துல விசா வந்துருமாம். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன், கேக்கல."

பாஸ்கரன் அதுவரைக்கும் வாயே திறக்கவில்லை. இப்போதுதான் பேசினார். "எங்கைவேலையில தப்பிருந்தா, நான் இங்க இருந்து பிரயோஜனம் இல்ல சார். எங்க தப்புன்னு ஒரு தடவ பாத்துட்டாப் போதும். பாத்துட்டு நான் பாட்டுக்குப் போயிருவேன். அந்த அச்சைக் கொஞ்சம் காட்டுறீங்களா?"

கொண்டுவந்து கொடுத்தேன். அவர் தரையில் உட்கார்ந்து, ஒரு தகட்டை எடுத்து டைல்ஸ்மேல் குப்புற வைத்து, ஓரத்தை விரலால் அழுத்தினார். 'டக்' என்று ஆடியது. இன்னொரு ஓரம். 'டக்'. இன்னொரு தகடும் அதே மாதிரி ஆடியது. அவர் முகம் கறுத்துப்போனது. "வளஞ்சிருக்கு" என்றார் மெதுவாக. "ரெண்டுமே வளஞ்சிருக்கு கலை. நான்தான் சரியாப் பாக்கல போல." அவர் குனிந்தபடியே சொன்னார். எனக்கு அந்த இடத்தில்கூட உறைக்கவில்லை. பாத்தீங்களா, நான் சொன்னேனில்லை என்கிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன், அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

கலைச்செல்வி அந்தத் தகட்டை வாங்கிப் பார்த்தார். அப்புறம் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். இன்னொரு தடவை முகர்ந்தார்.

"என்னங்க இது, நல்லெண்ணெய் வாசம் அடிக்குது?"

"எண்ணெய் தடவச் சொல்லி நீங்கதானே எழுதியிருந்தீங்க?" என்றேன் நான்.

"அதுக்கு ஒரு சொட்டுப் போதுமே... இதுல வேற ஒரு வாசமும் வருதே..." என்று சொல்லிக்கொண்டே தலையைத் தூக்கியவர், அப்படியே நின்றுவிட்டார். அவர் பார்வை என்னைத் தாண்டிச் சமையலறை மேடைக்குப் போயிருந்தது. அங்கே தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்துத் தட்டில், கரண்டிக் காம்பில் குத்திய அரை வெங்காயம் எண்ணெய் மினுமினுப்போடு சாய்ந்திருந்தது.

"சார்" என்றார் கலைச்செல்வி. "வெங்காயம் தேச்சீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மலர் முந்திக்கொண்டாள். மூன்று வாரமாக இதற்காகவே காத்திருந்தவள் போலச் சொன்னாள்: "தேச்சாருங்க. இதே மாதிரி, இதே கரண்டியிலதான். அரிசித்தண்ணியில ஒரு நாளு ஊறப்போட்டாரு. மாடியில ஒரு நாளு காய வெச்சாரு. மூணாம் நாளு அடுப்புல ஏத்தி வெச்சாரு."

"லேசாதான்" என்றேன்.

"ரெண்டு மணி நேரம்" என்றாள் மலர். "அப்பறம் பச்சத் தண்ணியத் தெளிச்சாரு."

அடுப்பில் தோசை கருகுகிற வாசனை வந்தது. பாஸ்கரன் மெதுவாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"அச்சைப் பழக்குனீங்களா சார்?"

'வித் ரெஃபரன்ஸ் டு' இங்கே உதவாது. "புதுச் சாமானாச்சேன்னு..." என்று இழுத்தேன்.

அவர் உதடு துடித்தது. அடிக்கத்தான் போகிறார் என்று ஒரு எட்டுப் பின்னால் போனேன். அவர் சிரித்தார். முதலில் சத்தமில்லாமல் தோள் குலுங்கியது. அப்புறம் தரையில் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "தவளைக்குப் பாவாடை... அதான்... சூட்டுல பச்சத் தண்ணி பட்டு வளஞ்ச சந்துல வழிஞ்சிருக்கு கலை... கொப்புளம் என்னன்னா, தெளிச்ச தண்ணியும் வெங்காயச் சாறும்..." என்று சொல்ல முயன்று, முடியாமல் மறுபடி சிரித்தார். கலைச்செல்வி சிரிக்கவில்லை. அவர் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தார், கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. "இவரு சிரிச்சு மூணு வாரம் ஆச்சுங்க" என்று மலரிடம் சொன்னார்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வெட்கத்தைவிடவும் பெரிதாக, நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி வந்ததையும் சொல்ல வேண்டும். அந்த மனிதர் கையில் தப்பில்லை. அவரும் அதைத் தெரிந்துகொண்டுவிட்டார்.

ஒருவழியாகச் சிரித்து முடித்து, அந்தத் தகட்டைத் தடவிப் பார்த்தவர் சொன்னார்: "ஆனா சார், பக்குவமாத்தான் பழக்கிருக்கீங்க. பிளாஸ்டிக் மட்டும் ஊத்தாம இருந்தா இதுல பணியாரமே சுட்டு எடுக்கலாம்."

மலர் இரண்டு பேரையும் உட்காரவைத்து இலை போட்டாள். நான் குனிந்த தலை நிமிராமல் தோசை ஊற்றிக்கொண்டே இருந்தேன். பாஸ்கரன் எட்டுத் தோசை சாப்பிட்டார். எட்டாவது தோசைக்குப் பிறகு, "தோசைக்கு அஞ்சு ஸ்டார் குடுக்கலாம் சார்" என்றார். அவர்கள் பையில் எனக்காக ஒரு புது அச்சு கொண்டுவந்திருந்தார்கள். அதை வாங்கிக்கொள்ள எனக்குக் கை நீளவில்லை. மலர்தான் வாங்கினாள். வாங்கிய கையோடு என் போனை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"எழுதுங்க."

"சாயங்காலம் நிதானமா..."

"இப்பவே எழுதுங்க. தமிழ்ல எழுதுங்க."

"ஸ்டார மட்டும் மாத்துனாப் போதும் சார்" என்றார் கலைச்செல்வி. "வெங்காயத்தப் பத்தியெல்லாம் எழுதாதீங்க. உங்களுக்குக் கொறச்சல்."

எனக்கும் அதே ஆசைதான். ஆனால் ஒரு ஸ்டார் ஐந்தாக மாறினால் மட்டும் போதாது, ஏன் மாறியது என்று தெரிய வேண்டும், இல்லாவிட்டால் காசு கொடுத்து மாற்றிவிட்டார்கள் என்றுதான் ஊர் பேசும். அதனால் எல்லாவற்றையும் எழுதினேன். அரிசித்தண்ணீர், நல்லெண்ணெய், அரை வெங்காயம், இரண்டு மணி நேரம், 'சொய்ங்', 'டிங்' எதையும் விடவில்லை. அச்சில் ஒரு குறையும் இல்லை, வாங்கியவன் மண்டையில்தான் குறை என்று முடித்தேன். பம்பாய்ச் சேட்டு என்று நினைத்ததை மட்டும் எழுதவில்லை, இன்றைக்குத்தான் வெளியே சொல்கிறேன். கையோடு கையாக, சோழ மகாராஜாவுக்கும் ஐந்தாவது ஸ்டாரைப் போட்டுவிட்டேன். ஆயிரம் வருஷமாகப் பொறுத்திருந்தவர், இந்த ஒரு குறையோடு ஏன் இருக்க வேண்டும்?

நான் எழுதியதைத் தூண்டில்காரர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிச் சிரித்திருக்கிறார்கள். சிரித்தவர்களில் சிலர் அச்சும் வாங்கினார்கள். முதல் ஆர்டர் கொடுத்தவர், "வெங்காயம் கூடவே வருமா, தனியா வாங்கணுமா?" என்று கேட்டாராம். பதினைந்தாம் நாள் கலைச்செல்வி எனக்கு ஒரு படம் அனுப்பினார். பாஸ்போர்ட்டை ஏஜெண்டிடமிருந்து திரும்ப வாங்கி, பீரோவுக்குள் புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிற படம். கீழே ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. நான் அதை மலரிடம் காட்டினேன், அவள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வளைந்த அந்த அச்சு இப்போது அவர்கள் பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. வருகிறவர்களுக்கெல்லாம் அதன் கதையைச் சொல்கிறார்கள் என்று கேள்வி. அச்சோடு வருகிற குறிப்பு இப்போது தமிழில் இருக்கிறது. முதல் வரி: 'இது தோசைக்கல் அல்ல. பழக்க வேண்டாம்.' கடைசி வரி: 'சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம்.' பாஸ்கரன் மட்டும் என்னிடம் தமிழில் பேசுவதில்லை. மாதம் ஒருமுறையாவது போன் செய்து, "டியர் சார், ஹவ் இஸ் ஸ்கர்ட் சார்?" என்பார். நானும் "வித் ரெஃபரன்ஸ் டு யுவர் கொஸ்டின்" என்று ஆரம்பிப்பேன். அதற்குமேல் இரண்டு பேருக்கும் ஆங்கிலம் வராது.

வீட்டில் சொல்லவே வேண்டாம். போன வருஷம் என் மச்சினன் புதுக் கார் எடுத்துக்கொண்டு, பூஜை போட்ட கையோடு எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். நான் ஆசையாக ஓட்டிப் பார்க்கக் கையை நீட்டினேன். மலர் உள்ளே இருந்தே குரல் கொடுத்தாள்: "டேய், மாமாகிட்ட சாவியக் குடுத்துராத. அரிசித்தண்ணியில ஊறப்போட்டுருவாரு!"

நான் இப்போதெல்லாம் எதற்கும் ஸ்டார் போடுவதில்லை. இதை எழுதி முடித்ததும் மலரிடம் கொடுத்து, தப்பிருந்தால் சொல் என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு வரி விடாமல் படித்தாள். இரண்டு இடத்தில் சிரித்தாள், ஒரு இடத்தில் மூக்கை உறிஞ்சினாள். பிறகு தாள்களை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

"நாலு ஸ்டார்."

"நல்லாத்தானே இருக்கு? அந்த இன்னொண்ணு எங்க போச்சு?"

"இன்னிக்கு வெயில் ஜாஸ்திங்க" என்றாள்.